டீச்சர் பதில்கள்: யாரை நிறுத்துவது?

பாம்பன் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக 33 வருடம் கணக்குப் பாடம் நடத்தியவள் நான். ஓய்வு பெற்றதும் உச்சிப்புளியில் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டு சும்மா இருக்கலாம் என்று நினைத்தேன். இந்தப் பத்தி வந்து சேர்ந்தது. போன மாதம் பெண்பிள்ளைகள் பள்ளிக்குப் போய்வரும் வழியைப் பற்றி நாலு வரி எழுதினேன். அதற்கு வந்த கடிதங்கள் ஒரு மஞ்சள் பை நிறைய. பெயர்களை எடுத்துவிட்டேன், ஊர்களை மாற்றிவிட்டேன். எல்லாவற்றையும் வரிசையாகப் படித்தபோது ஒரே சொல் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது: 'நிறுத்திவிடலாமா?' பள்ளியை விட்டு, டியூஷனை விட்டு, வேலையை விட்டு. நிறுத்தப்படுவது மட்டும் எல்லாக் கடிதத்திலும் ஒரே ஆள்தான்.

என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஊருக்கு ஒன்றரைக் கிலோமீட்டர், இரண்டு பக்கமும் கருவேலங்காடு. மூன்று வாரமாக இரண்டு பையன்கள் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்து பேச்சுக் கொடுக்கிறார்கள். கணவர் சவுதியில் இருக்கிறார். மாமியார், 'படித்தது போதும், நிறுத்து' என்கிறார். என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், தொண்டிப் பக்கம்

மகள் இதைத் தானாக வந்து உங்களிடம் சொன்னாளா? சொல்லியிருந்தால் நீங்கள் கொடுத்துவைத்தவர். பல பெண்கள் வீட்டில் வாயைத் திறப்பதில்லை. பையன்களிடம் உள்ள பயத்தைவிட, சொன்னால் புத்தகப் பையை வாங்கிப் பரணில் போட்டுவிடுவார்களே என்ற பயம் அவர்களுக்குப் பெரிது. இப்போது நீங்கள் அவளை நிறுத்தினால், அந்தப் பாதையில் வரும் மற்றப் பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். அடுத்து ஒருத்தியும் சொல்ல மாட்டாள்.

பையன்களின் விஷயம் முதலில். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையைத் தவறான எண்ணத்துடன் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி பாலியல் தொல்லை. மூன்றாண்டு வரை சிறை உண்டு. 'கையைப் பிடித்தானா, என்ன?' என்று கேட்டு உங்களைத் திருப்பி அனுப்ப யாருக்கும் உரிமை இல்லை. வண்டி எண், நாள், நேரம் மூன்றையும் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுங்கள். பையன்கள் உள்ளூர்க்காரர்கள், அவர்களின் தாய்மாரை உங்களுக்குத் தெரியும் என்றால், அந்த வாசலிலும் ஒருமுறை போய் நில்லுங்கள். 'உங்கள் மகன் இன்ன வண்டியில் இன்ன நேரத்துக்கு என் மகள் பின்னால் வருகிறான்' என்று தெரு கேட்கும்படி சொல்லிவிட்டு வாருங்கள். வெட்கம் யார் வீட்டு வாசலில் இறங்க வேண்டுமோ அங்கே இறங்கட்டும்.

அடுத்தது பாதை. இதைத்தான் யாரும் பேசுவதில்லை. விறகுக்கு ஆகும் என்று அந்தக் காலத்தில் அரசே நம் மாவட்டத்தில் பரப்பிய சீமைக்கருவேலம் இன்றைக்கு வழியெல்லாம் சுவராக நிற்கிறது. அதை அகற்றச் சொல்லி 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே உத்தரவிட்டது. நீதிமன்றம் சொன்னதால் முள் தானாகக் கீழே விழாது. நான் வேலை பார்த்த ஓர் ஊரில் தாய்மார்கள் ஆகஸ்ட் 15 கிராம சபையில் எழுந்து, பாதையின் இரண்டு பக்கமும் பத்தடிக்கு வெட்ட வேண்டும், மூன்று விளக்குப் போட வேண்டும் என்று தீர்மானம் எழுத வைத்தார்கள். வெட்டிய மரத்தைக் கரிமூட்டம் போடுகிறவர்கள் எடுத்துக்கொண்டார்கள். வளைவில் நிற்கிறவன் யார் என்று தூரத்திலேயே தெரிந்துபோயிற்று. வளைவில் நிற்பதும் குறைந்தது.

பள்ளிக்கூடத்தின் பங்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் என் பங்கும் இருந்தது. எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புச் சிறப்பு வகுப்பு 5.45-க்கு முடியும். பஸ் 5.20-க்கே போயிருக்கும். அடுத்தது 7.15. பெண்பிள்ளைகள் அந்த ஒன்றரை மணி நேரமும் டீக்கடை ஓரத்தில் நிற்பார்கள், பஸ் வந்த பிறகு இருட்டில் நடப்பார்கள். கணக்கு டீச்சராகிய எனக்கே இந்தக் கழித்தல் கணக்கு உறைக்க இரண்டு வருடம் ஆயிற்று. வகுப்பைக் காலை எட்டு மணிக்கு மாற்றினோம். ஒரு பைசா செலவில்லை. உங்கள் பள்ளியின் கால அட்டவணையையும் பஸ் நேரத்தையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். அந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். பஸ் நேரத்தை மாற்ற வேண்டுமா? திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். ஒரே ஒரு தாய் தனியாகப் போக வேண்டாம், பத்துப் பேராகப் போங்கள்.

மாமியாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவரும் ஒரு காலத்தில் யாரோ நிறுத்திய பிள்ளையாகத்தான் இருப்பார்.

நான் ஒரு தனியார் பள்ளி ஆசிரியை. ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நோட்டுத் திருத்தும்போது ஓர் ஆசிரியர் தன்னைத் தொடுகிறார் என்று அழுதுகொண்டே சொன்னாள். தலைமையாசிரியரிடம் போனேன். 'நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? பள்ளியின் பெயர் என்னாவது? கூப்பிட்டுக் கண்டித்துவிடலாம்' என்கிறார். ஊர்ப் பெரியவர்களும் பேசி முடித்துவிடலாம் என்கிறார்கள். என் வேலை நிரந்தரமானது இல்லை.
– பெயர் வேண்டாம், மண்டபம் வட்டாரம்

கடிதத்தைப் பார்த்த அன்றே உங்களுக்குப் போன் செய்துவிட்டேன். இது மற்றவர்கள் படிப்பதற்காக.

போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. குழந்தைகள் தினத்தன்று வந்த சட்டம். கண்ணால் பார்த்த சாட்சி யாரும் வேண்டும் என்று அது கேட்கவில்லை. குற்றம் நடந்திருப்பதாகத் தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தெரிந்தும் மறைத்தால் ஆறு மாதம் வரை சிறை. நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தம் கீழ் வேலை செய்கிறவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. தலைமையாசிரியரின் மேசையில் இந்த இரண்டு வரியையும் எழுதி வையுங்கள், பள்ளியின் பெயரைப் பற்றிய கவலை சற்றுக் குறையும். நல்லெண்ணத்துடன் தகவல் கொடுத்தவர் மீது அதற்காக வழக்குப் போட முடியாது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் பயப்படுவது இதற்குத்தானே?

பேசி முடிப்பது என்பது இதில் கிடையாது. பெரியவர்கள் வேண்டுமானால் வாய்க்கால் தகராறைப் பேசி முடிக்கட்டும். ராஜஸ்தானில் மாணவியிடம் தவறாக நடந்த ஓர் ஆசிரியர், அவள் குடும்பத்தோடு சமரசம் ஆகிவிட்டது என்று காட்டி வழக்கையே ரத்து செய்ய வைத்தார். 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த ரத்தைத் தள்ளிவிட்டு வழக்கு நடக்கட்டும் என்று சொல்லிவிட்டது. ஆசிரியர் செய்யும் குற்றத்தைக் குடும்பத்துக்குள் நடந்த சண்டைபோல் நினைக்கக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

உங்கள் மாணவி சொன்னதை அவள் சொன்ன சொற்களிலேயே, நாளும் நேரமும் போட்டு, எழுதி வையுங்கள். உங்கள் தமிழில் திருத்தாதீர்கள். மறுபடியும் மறுபடியும் சொல்லச் சொல்லாதீர்கள். அந்த ஆசிரியரை எதிரில் நிறுத்தி, 'இவர்தானா?' என்று கேட்கும் கூத்து வேண்டவே வேண்டாம். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்றும் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதைக் காப்பாற்ற முடியாது. 'யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் மட்டும் சொல்வேன், நீ சொன்னதை நம்புகிறேன்' என்று சொல்லுங்கள். வாக்குமூலம் வாங்க அவள் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டுக்கோ அவள் சொல்லும் இடத்துக்கோ அதிகாரி வரலாம், முடிந்தவரை பெண் அதிகாரி, அதுவும் சீருடை இல்லாமல். அம்மாவோ அவள் நம்பும் வேறு ஒருவரோ பக்கத்தில் இருக்க வேண்டும்.

உங்கள் மாணவி வாய் திறந்துவிட்டாள். திறக்காதவர்களைப் பற்றி எனக்கு ஒரு கடன் இருக்கிறது. 1994-இல் என் எட்டாம் வகுப்பில் ஒருத்தி, மணி அடித்த பிறகு தினமும் கரும்பலகை துடைப்பாள். துடைத்த பலகையை ஈரத்துணியால் இன்னொரு முறை துடைப்பாள். சாக்பீஸ் துண்டுகளை நீளவாரியாக அடுக்கி வைப்பாள். நான் வருகைப் பதிவேட்டை மூடும்வரை ஏதாவது ஒரு வேலை இருக்கும் அவளுக்கு. பொறுப்பான பிள்ளை என்று எல்லார் முன்னாலும் பாராட்டி, ஆண்டு விழாவில் ஒரு சோப்புப் பெட்டி பரிசும் கொடுத்தேன். 2011-இல் தன் மகளை ஆறாம் வகுப்பில் சேர்க்க வந்தவள், படிவத்தை நிரப்பிவிட்டுச் சொன்னாள்: "அப்போது வீட்டில் சித்தப்பா முறையில் ஒருவர் இருந்தார் டீச்சர். அம்மா கடலில் பாசி எடுத்துவிட்டுத் திரும்ப இருட்டிவிடும். அதுவரை பலகை துடைத்தேன்." வேறு எதுவும் சொல்லவில்லை. சோப்புப் பெட்டியை இன்னும் வைத்திருக்கிறாளாம்.

அதனால்தான் சொல்கிறேன்: வீட்டுக்குப் போகத் தயங்குகிற பிள்ளை, திடீரென்று ஒரு பாடத்தில் மட்டும் மதிப்பெண் குறைகிற பிள்ளை, குறிப்பிட்ட ஒரு நாளில் மட்டும் வயிற்றுவலி என்கிற பிள்ளை, இவர்களைக் கொஞ்சம் கவனியுங்கள். புகார்ப் பெட்டி இருக்கிறதே என்பீர்கள். 'மாணவர் மனசு' என்று பெயரெல்லாம் அழகாகத்தான் வைத்திருக்கிறார்கள். நான் பார்த்த ஒரு பள்ளியில் அது அலுவலக வாசலில், எழுத்தர் நாற்காலிக்கு நேர் எதிரே தொங்கியது. சீட்டுப் போடும் வாயில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. சத்துணவுக்கூடத்துக்குப் போகும் வழியில் மாற்றி மாட்டச் சொன்னேன்.

டீச்சர், நான் பிளஸ் டூ படிக்கிறேன். டியூஷனில் ஒரு பெண்ணை ஆறு மாதமாக விரும்புகிறேன். தினமும் அவள் பின்னால் சைக்கிளில் போகிறேன். ஒருமுறை 'வராதே' என்றாள். விடாமல் போனால் ஒரு நாள் மனம் மாறும் என்கிறார்கள் நண்பர்கள். இது காதல்தானே?
– கீழக்கரைப் பக்கத்து மாணவன்

தம்பி, கேட்டாயே, அதற்காகவே உனக்குப் பாதி மதிப்பெண்.

உன் ஆறு மாதத்தை நீ எழுதிவிட்டாய். அவளுடைய ஆறு மாதத்தை நான் எழுதிப் பார்க்கிறேன். முதல் மாதம் நடையை வேகமாக்கினாள். அடுத்த மாதம் தோழியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தோழி வராத நாளில் டியூஷனுக்கு விடுப்புப் போட்டாள். வீட்டில் ஏன் என்று கேட்டபோது தலைவலி என்றாள். கடைசியில் தைரியத்தைக் கூட்டிக்கொண்டு உன்னிடம் 'வராதே' என்றாள். நீ மறுநாளும் போனாய். இதில் எந்த இடத்தில் காதல் வருகிறது, நீயே அடிக்கோடிட்டுக் காட்டு.

'வராதே' என்பதற்கு அகராதியில் ஒரே பொருள்தான். நம் ஊரில் இதற்கு 'ஈவ் டீசிங்' என்று விளையாட்டுப்போல ஒரு பெயர் வைத்திருந்தோம். 1998-இல் சென்னையில் கல்லூரி மாணவி சரிகா ஷா அந்த 'விளையாட்டில்' செத்துப்போன பிறகுதான் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. உனக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் வழக்கு இளைஞர் நீதிக் குழுமத்துக்குப் போகும், ஆகிவிட்டது என்றால் நேரே நீதிமன்றம். ஆனால் உன்னைச் சட்டம் காட்டி மிரட்ட எனக்கு விருப்பம் இல்லை. நாளைக்கு வேறு தெரு வழியாகப் போ. மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவளை வழிமறிக்கவும் வேண்டாம். உன் நண்பர்களில் எவனாவது இதேபோல் ஒருத்தியின் பின்னால் போனால், சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்து நிறுத்து. அதைச் செய்கிற நண்பன் ஒருவனைத்தான் நான் 33 வருடமும் தேடினேன்.

என் மகனுக்கு 12 வயது. லீவு நாளில் கரையில் ஐஸ் உடைக்கப் போனவனிடம் ஒரு பெரிய ஆள் தவறாக நடந்திருக்கிறான். ஆண்பிள்ளைதானே, வெளியே தெரிந்தால் ஊர் சிரிக்கும் என்று மனைவி அழுகிறாள். விட்டுவிடலாமா?
– ஒரு மீனவர்

விடக் கூடாது ஐயா. போக்சோ சட்டத்தில் குழந்தை என்றால் குழந்தைதான். ஆண், பெண் என்ற பிரிவு இல்லை. 2007-இல் ஒன்றிய அரசின் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. பாலியல் கொடுமைக்கு ஆளானதாகச் சொன்னவர்களில் பாதிக்குமேல் பையன்கள். நம் ஊர் மட்டும் அதற்கு விலக்கா?

பையன்கள் சொல்லாததற்கு நாம்தான் காரணம். மூன்று வயதில் முட்டியில் அடிபட்டு அழுதால், 'பெண்பிள்ளை மாதிரி அழாதே' என்கிறோம். அவன் அதை நம்பிவிடுகிறான். பெண் என்றால் மட்டம், வலி என்றால் வெட்கம் என்ற இரண்டையும் ஒரே வாயில் ஊட்டிவிடுகிறோம். உங்கள் மகன் அதையும் மீறிச் சொல்லியிருக்கிறான். இன்றைக்கே 1098-க்கோ காவல் நிலையத்துக்கோ சொல்லுங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் காசு இல்லை. நோய் தடுக்கும் மருந்துகளில் சிலவற்றை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டியிருப்பதால் நாள் பார்க்காதீர்கள். அவன் உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள். அவன் முகம், பெயர், பள்ளி எதையும் பத்திரிகையோ தொலைக்காட்சியோ வெளியிடக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. ஊர் சிரித்தால் அந்த ஆளைப் பார்த்துச் சிரிக்கட்டும். வீட்டில், 'ஏன் அங்கே போனாய்?' என்ற கேள்வி மட்டும் வேண்டாம்.

நண்டு கம்பெனியில் தினக்கூலிக்கு நண்டு உடைக்கிறேன். சூப்பர்வைசர் எடை போடும் இடத்தில் உரசுகிறார், எதிர்த்தால் மறுநாள் வேலை இல்லை என்கிறார். வீட்டுக்காரர் வேலையை விடச் சொல்கிறார்.

வேலையை விட வேண்டியவர் அந்தச் சூப்பர்வைசர். வேலையிடத்துப் பாலியல் தொல்லையைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தினக்கூலிக்கும் ஒப்பந்தக் கூலிக்கும் சேர்த்துத்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பெண் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம். குழு இல்லை, அல்லது முதலாளி மீதே புகார் என்றால் மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவுக்கு எழுதலாம். ராமநாதபுரம் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள். நடந்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகார் போக வேண்டும். எழுதத் தெரியாவிட்டால் எழுதிக் கொடுப்பது குழுவின் வேலை. அதுவரை எடை போட இரண்டு இரண்டு பேராகப் போங்கள். உங்களோடு மேசையில் உட்காரும் மற்றப் பெண்களிடம் மெதுவாகக் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கு மட்டும் நடந்திருக்காது.

கணவர் விசைப்படகில் போகிறவர். நல்லவர்தான். மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும் குடித்துவிட்டு அடிக்கிறார். இப்போது எட்டு வயது மகனும் தங்கையை அடிக்கிறான்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதே 61 நாளும் பக்கத்து வீட்டுக்காரரும் கரையில்தான் இருக்கிறார். அவர் கிழிந்த வலையைத் தைக்கிறார், படகுக்கு வர்ணம் அடிக்கிறார், கடனை நினைத்துக் கவலைப்படுகிறார், அடிக்கவில்லையே! உங்கள் கணவரும் குடித்துவிட்டுப் படகு முதலாளியை அடிப்பதில்லை. யாரை அடிக்கலாம் என்று போதையிலும் அவருக்குத் தெரிகிறது.

2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி விவாகரத்துக் கேட்காமலேயே பாதுகாப்பு ஆணை வாங்கலாம். வீடு அவர் பெயரில் இருந்தாலும் உங்களை வெளியேற்ற முடியாது. பெண்கள் உதவி எண் 181-க்கு எந்த நேரமும் பேசலாம். மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலரும், தங்க இடம் தரும் சகி மையமும் உண்டு. அரசு தரும் தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் எந்தக் கணக்கில் வந்து எங்கே போகிறது என்பதையும் ஒரு கண் பாருங்கள்.

மகனைப் பற்றி எழுதிய வரிதான் என்னை உறுத்துகிறது. அவனை அடித்துத் திருத்தப் பார்க்காதீர்கள், அப்புறம் அந்த வீட்டில் அடிக்காதவர் ஒருவரும் இருக்க மாட்டார். தங்கையை அடிக்க ஓங்கும் கையைப் பிடித்துக்கொண்டு, 'அப்பா செய்வது தப்பு' என்று அவனிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவன் அதை யாராவது சொல்வார்களா என்று காத்துக்கொண்டிருப்பான்.

முன்பெல்லாம் இந்தப் பக்கத்தில் கணக்குப் புதிர் போடுவீர்கள். இப்போது எப்போது பார்த்தாலும் புலம்பல்.
– பரமக்குடி வாசகர்

இதோ புதிர். ஒரு வகுப்பில் ஏழாவது படிக்கும்போது பெண்கள் 22 பேர். அதே வகுப்பு பத்தாவது வந்தபோது 13 பேர். யாரும் பெயிலாகவில்லை, யாரும் வேறு பள்ளிக்கு மாறவில்லை. மீதி 9 பேர் எங்கே? விடையை அஞ்சலட்டையில் எழுதவும்.

என் தோழிக்கு 16 வயது. ஆனி மாதம் கல்யாணம் நிச்சயம் செய்துவிட்டார்கள். நான் சொன்னேன் என்று தெரியாமல் தடுக்க முடியுமா?

முடியும். 1098-க்குப் பேசு, உன் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். கல்யாண மண்டபம், நாள், மாப்பிள்ளை ஊர் தெரிந்தால் போதும். பெண்ணுக்கு 18 நிரம்பாத கல்யாணத்தை நீதிமன்றம் தடை ஆணை போட்டு நிறுத்தலாம். ஆணையை மீறித் தாலி கட்டினால் அந்தக் கல்யாணமே செல்லாது. அவள் அம்மாவிடம் பேசத் தைரியம் இருந்தால் இதையும் சொல்: அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் 'புதுமைப் பெண்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் பெயரில் வரும். சில வீடுகளில் அந்த ஆயிரம் ரூபாய் என் முப்பது நிமிடப் பேச்சைவிட நன்றாக வேலை செய்திருக்கிறது. (நிறுத்த வேண்டியது என்று நானே சொல்லும் ஒன்று, இந்தக் கல்யாணம், கடைசியில் வந்துவிட்டது.)

டீச்சர் எங்கள் பள்ளிக்கூடத்தில் பெண்கள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி கதவைப் பிடித்துக்கொள்கிறோம். பையன்கள் தள்ளுகிறார்கள். நான் தண்ணீரே குடிப்பதில்லை. யாரிடம் சொல்ல வேண்டும்?
– ஐந்தாம் வகுப்பு, அஞ்சலட்டையில்

கண்ணே, சரியான ஆளிடம்தான் சொல்லியிருக்கிறாய். உன் பெயரையும் பள்ளியையும் இங்கே போடவில்லை. உன் அட்டையை நகல் எடுத்து உங்கள் தலைமையாசிரியருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவிக்கும் அனுப்பிவிட்டேன். பள்ளிக்கூட விஷயத்துக்கென்றே 14417 என்று ஓர் எண் இருக்கிறது, அம்மாவிடம் சொல்லி வை. தாழ்ப்பாள் என்ன விலை என்று நேற்று கடையில் கேட்டேன்: திருகாணியோடு சேர்த்து எழுபது ரூபாய். இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன். வருகிற திங்கள்கிழமைக்குள் அவர்கள் மாட்டாவிட்டால் நானே ஆசாரியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். மாட்டியதும் உள்ளே போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு எனக்கு இன்னோர் அட்டை எழுது. தண்ணீர் குடி.